பின்னி மில் வட்டாரம், வடசென்னை

பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு. இந்தப் பேட்டைகளில் கடிகாரம் இல்லாத வீடுகளுக்கும் மில் சங்குதான் நேரம் சொன்னது. 1876இல் தொடங்கிய பக்கிங்ஹாம் ஆலையும், அதற்குச் சில ஆண்டுகள் பின்னர் வந்த கர்நாடிக் ஆலையும் 1920இல் ஒரே கம்பெனியாயின. நிர்வாகம் பின்னி கம்பெனி. இங்கு நெய்த காக்கித் துணி நாடெங்கும் சீருடையானது.

இந்த வட்டாரத்தின் பெருமை துணியோடு நிற்கவில்லை; தொழிற்சங்கமும் இங்கிருந்துதான் எழுந்தது. அன்று ஆலையில் நடுப்பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். கை கழுவி, தூக்குவாளியைத் திறந்து, நாலு கவளம் விழுங்குவதற்குள் சங்கு ஊதிவிடும். இன்னும் பத்து நிமிடம் வேண்டும் என்பது தொழிலாளிகளின் முதல் கோரிக்கைகளுள் ஒன்று. துணி வணிகர் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் அவர்களைத் திரட்ட, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா, துணைத் தலைவர்களுள் ஒருவர் திரு.வி.க. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக இதையே வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர்.

1921இல் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி தொழிலாளரைப் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சங்கத்தின் பெருமையைச் சொல்லும் பலகை இந்தத் துயரத்தையும் சொல்லியாக வேண்டும்.

1996இல் ஆலை மூடப்பட்டது. ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன.