ஏட்டில் ஏறாத ஓட்டங்கள்

அஸர் தொழுகைக்குப் பின் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஏதேனும் ஒரு திடல் பக்கம் சென்று பாருங்கள். சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மட்டை பிடிக்கப் போட்டி; பந்து வீசவும் போட்டி. எல்லைக்கோட்டருகே நின்று பந்தைத் தடுக்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை. இருப்பவர்களில் இளையவனை அங்கே அனுப்பிவிடுவார்கள். அவனும் முகம் வாடிப் போய் நிற்பான். அவன் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு.

ராபின் சிங் 1963ஆம் ஆண்டு டிரினிடாட் தீவில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களில் பாடுபட ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் 1845 முதல் கப்பலேற்றப்பட்ட தீவு அது. முன்னோரின் நாட்டுக்குத் திரும்பிய அவர் சென்னையில் தங்கித் தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றார். 33 ஆண்டுகளுக்குப் பின் 1987-88இல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார்.

1989 மார்ச்சில் இந்திய அணிக்காக முதன்முதலாக ஆடினார். ஆடிய இடம், பிறந்த மண்ணான டிரினிடாடே! ஆனால் இரண்டே ஆட்டங்கள். பிறகு அழைப்பு இல்லை. ஓராண்டன்று, ஈராண்டன்று, ஏழு ஆண்டுகள்! அவர் புலம்பிக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. தமிழ்நாட்டு அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். 1996இல் மீண்டும் அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 33. பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது அது.

அந்த வயதில்தான் அவர் பந்தின் மீது பாய்ந்து விழுந்து தடுத்தார். இந்திய அணியின் களத்தடுப்பு பெரிதும் குறை கூறப்பட்ட காலம் அது. ஒருவர் அடித்த ஓட்டம் ஏட்டில் ஏறும். தடுத்த ஓட்டம் எந்த ஏட்டிலும் ஏறாது. ஆயினும் ஆட்டத்தின் முடிவில் அதுவும் கணக்கில் நிற்கும்.

மட்டையிலும் அவர் குறைந்தவரல்லர். 1998 ஜனவரியில் டாக்காவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் 314 ஓட்டங்கள் குவித்தது. மூன்றாமவராக அனுப்பப்பட்ட ராபின் சிங் 82 ஓட்டங்கள் எடுத்தார். கங்குலியுடன் சேர்ந்து 179 சேர்த்தார். ஒரு பந்து மீதமிருக்க இந்தியா வென்றது. 1999 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

டெஸ்ட் ஆட்டம் அவருக்குக் கிட்டியது ஒன்றே ஒன்று, 1998இல் ஹராரேயில். ஒருநாள் ஆட்டங்களோ 136. ஓட்டங்கள் 2336, விக்கெட்டுகள் 69. 2001உடன் அவருடைய அனைத்துலக ஆட்டம் முடிந்தது. ஆனால் 2007இல் இந்திய அணி அவரைத் திரும்ப அழைத்தது. எதற்காகத் தெரியுமா? இளைஞர்களுக்குக் களத்தடுப்பைக் கற்றுக்கொடுக்க! ஏட்டில் ஏறாத அந்த உழைப்பே அவரை ஆசானாக்கியது.

பெற்றோர்களே! இன்று மாலை வீடு திரும்பும் உங்கள் பிள்ளையிடம், "எத்தனை ஓட்டம் எடுத்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை ஓட்டம் தடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.