பழைய காரை விற்கப் போகிறீர்களா? கைக்கு வந்து நிற்பதே விலை!

துவரம் பருப்பு மூட்டையில் கிலோவுக்குக் கால் ரூபாய் கூடினாலும் மண்டிக்குப் போன் போட்டுக் கேட்டு விடுகிறோம். ஆனால் பத்து வருடம் நமக்கு உழைத்த காரை விற்கும்போது மட்டும், "வந்த விலைக்குப் போகட்டும்" என்று தள்ளி விடுகிறோம். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பூர்த்தி செய்யாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்து விடுவது.

இதன் விளைவைக் காட்ட ஒரு வழக்கைச் சொல்வோம். வடமாநிலத்தில் ஒருவர் 2007-இல் தமது காரை விற்றார். அது பல கை மாறி, 2009-இல் விபத்தில் சிக்கி ஓர் உயிர் போயிற்று. வண்டிக்குக் காப்பீடும் இல்லை. அப்போதும் பதிவேட்டில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. கார் விற்ற பணத்தை அவர் எப்போதோ செலவு செய்திருப்பார். பொறுப்பு மட்டும் தீரவில்லை.

ஆகவே, பெரிய விலை எது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கடைசியில் நம் கையில் எது நிற்கும் என்று கணக்கிட வேண்டும்.

விலை பேசும் முன்

வண்டியை நன்றாகக் கழுவி, சில்லறைப் பழுதுகளைச் சரி செய்தால் போதும். விற்பதற்காகவே முழு பெயிண்ட் அடிப்பதும் புது டயர் போடுவதும் போட்ட பணத்தைத் திருப்பித் தருவது அபூர்வம். சர்வீஸ் செய்த பில்களை எடுத்து வையுங்கள். கடன் முடிந்திருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கி வையுங்கள். ஷோரூம், பழைய கார் வியாபாரி, நேரடியாக வாங்குபவர் என மூன்று இடத்திலாவது விலை கேட்க வேண்டும்.

புது வண்டி எடுக்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், முதலில் புது வண்டியின் விலையைத் தனியாகப் பேசி முடியுங்கள். பழைய காருக்கு 1,80,000 ரூபாயும் போனஸாக 20,000 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகப் புது வண்டியில் கிடைக்க வேண்டிய 15,000 ரூபாய் தள்ளுபடியை நிறுத்தினால், நமக்குக் கிடைப்பது 1,85,000 மட்டுமே. வெளியில் 1,90,000 கேட்டவரே மேல்.

பெயர் மாற்றம்

உள்மாநில விற்பனையை 14 நாட்களுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இதற்கு 29, 30 எண் படிவங்கள் உள்ளன. வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டியானால் தடையில்லாச் சான்றும் தேவை. வாங்குபவரின் அடையாளச் சான்று நகலும், தேதி, நேரம் எழுதிய ஒப்படைப்புச் சீட்டும் நம்மிடம் இருக்கட்டும். பதிவு மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை நம் வேலை முடியவில்லை.

ஃபாஸ்டேக்கை மூடி விடுங்கள். இல்லையேல் அடுத்தவர் போகும் சுங்கச்சாவடிக்கு நம் கணக்கில் பணம் போகும். பணத்தை வங்கி வழியே பெறுவதே நல்லது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

விட்டுப் போகும் இரண்டு

ஒன்று, காப்பீட்டில் உள்ள நோ கிளெய்ம் போனஸ். அது வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. இது 50 சதவீதம் வரை சேரும். விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் இதற்கான கடிதம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கும் புதுக் காரின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.

மற்றொன்று ஜி.எஸ்.டி. கடையின் பெயரில் கார் இருந்து, வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுக்காமல், வருமான வரிக் கணக்கில் தேய்மானம் மட்டும் எழுதியிருந்தால், வித்தியாசத்துக்குத்தான் வரி. 2025 ஜனவரியிலிருந்து இது 18 சதவீதம். தேய்மானம் போகக் கணக்கில் 1,60,000 நிற்கிறது, 2,00,000-க்கு விற்றோம் என்றால், 40,000-க்கு 7,200 ரூபாய் வரி. கணக்கில் நிற்பதைவிடக் குறைந்து விற்றால் இந்த வரி இல்லை. விலை பேசும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடாத வண்டியானால்

காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்யாமல் இருப்பது ஆபத்து. 2021-இல் வந்த விதிகளின்படி அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் உள்ளன. அங்கே ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் புது வாகனப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியிலும் சொந்த வாகனத்துக்கு 25, சரக்கு வாகனத்துக்கு 15 சதவீதம் வரை சலுகைக்கு இடமுண்டு. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எடை விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

சரக்கு கடையை விட்டுப் போனதும் பில் போட்டு, இருப்பில் கழிப்பது நம் வழக்கம். காருக்கும் அதே முறைதான். பதிவேட்டிலிருந்து நம் பெயர் கழிந்த பிறகே அது விற்ற வண்டி.