தோட்டக் கிழங்குகளை அணில், எலிகளிடமிருந்து காத்தல்

பூச்செடிகளுக்காக மண்ணில் நடப்படும் கிழங்குகளை அணில், எலி, பெருச்சாளி, காட்டுப்பன்றி போன்ற விலங்குகள் தோண்டித் தின்னாமல் தடுக்கும் முறைகளின் தொகுப்பே கிழங்குப் பாதுகாப்பு ஆகும். சம்பங்கி, கிளாடியோலஸ், டேலியா, கல்வாழை, செங்காந்தள் முதலியவை கிழங்கு மூலம் வளர்க்கப்படும் செடிகள். தாவரவியலில் குமிழ், கந்தம், வேர்க்கிழங்கு என்று இவை பிரிக்கப்பட்டாலும், உழவர்கள் எல்லாவற்றையும் விதைக்கிழங்கு என்றே சொல்கின்றனர். மாவுச்சத்தும் ஈரமும் ஒருங்கே உள்ள உணவு என்பதால் விலங்குகள் இவற்றைத் தேடி வருகின்றன.

தருமபுரி மாவட்டத்தின் இண்டூர் போன்ற மானாவாரிப் பகுதிகளில் மரவள்ளி, நிலக்கடலை, கேழ்வரகு ஆகியவற்றுடன் பூச்செடிகளும் பயிராகின்றன. வயலும் வீட்டுத் தோட்டமும் அடுத்தடுத்து இருப்பதால், ஓரிடத்தில் தீனி குறைந்தால் விலங்குகள் மற்றோர் இடத்துக்கு வருகின்றன.

தோண்டியது எந்த விலங்கு?

பாதுகாப்பின் முதல் படி, சேதம் செய்த விலங்கை அடையாளம் காண்பது. பகலில் உலவும் அணில் மீதே பெரும்பாலும் பழி விழுகிறது. இரவில் வந்து போகும் எலி கண்ணில் படுவதில்லை.

• பகல் நேரத்தில், புதிதாகக் கிளறிய மண்ணில், சிறிய ஆழமற்ற குழிகள் தோன்றினால் அது அணிலாக இருக்கலாம்.
• வரப்பிலோ பாத்தி ஓரத்திலோ வளையும், அதன் வாயில் குவிந்த புதுமண்ணும் இருந்தால் அது எலி அல்லது பெருச்சாளி. செடி திடீரென வாடி, இழுத்தவுடன் கையோடு வந்தால் கிழங்கு அடியிலிருந்து தின்னப்பட்டிருக்கும்.
• ஏர் உழுததுபோல் பாத்தி முழுவதும் புரண்டு கிடந்தால் அது காட்டுப்பன்றி.
• ஆழமாகத் தோண்டிய குழியும் அருகில் உதிர்ந்த முட்களும் முள்ளம்பன்றியைக் காட்டும்.

அணிலின் இயல்பு

தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படுவது முதுகில் மூன்று கோடுகளைக் கொண்ட அணில். இது மரத்தில் கூடு கட்டும். மண்ணில் வளை தோண்டி வாழ்வதில்லை. பழம், விதை, கொட்டை, மொட்டு, பூச்சி ஆகியவை இதன் உணவு. பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் காணப்படும் சாம்பல் அணில், குளிர்காலத்துக்காகக் கொட்டைகளை மண்ணில் புதைத்துத் தோண்டும் பழக்கம் உடையது. அங்கே டியூலிப், குரோக்கஸ் கிழங்குகளுக்கு அதுவே பெரிய எதிரி. நம் ஊர் அணில் அந்த அளவுக்குக் கிழங்கைத் தேடுவதில்லை. விதைத்த நிலக்கடலையை எடுப்பது, இளங்குருத்தைக் கடிப்பது, மேலாக நட்ட கிழங்கைக் கிளறிவிடுவது ஆகியவையே அதன் சேதம். கிளறப்பட்ட கிழங்கு வெயிலில் காய்ந்து முளைக்காமல் போகும்.

ஆழம் மட்டும் ஏன் போதாது?

டியூலிப் கிழங்கை 15 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் ஆழமாக நட்டு அணிலிடமிருந்து காப்பது மேலை நாட்டு வழக்கம். சம்பங்கிக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டில் சம்பங்கிக்குப் பரிந்துரைக்கப்படும் முறைப்படி, 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகள், 45 × 20 சென்டிமீட்டர் இடைவெளியில், சுமார் 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில், ஜூன், ஜூலை மாதங்களில் நடப்படுகின்றன. இந்த இடைவெளியில் ஒரு எக்டேருக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிழங்குகள் தேவைப்படும். இவ்வளவு மேலாக இருக்கும் கிழங்கை ஆழத்தால் காக்க முடியாது. மேலே ஒரு தடுப்பு வேண்டும்.

தடுப்பு முறைகள்

கம்பி வலை: வீட்டுத் தோட்டத்துக்கு மிகவும் நம்பகமான முறை இதுவே. அரை அங்குலக் கண் கொண்ட, துத்தநாகம் பூசிய கம்பி வலையைப் பாத்தியின் மேல் விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்துக் கல் வைக்க வேண்டும். குருத்து வெளிவந்ததும் வலையை எடுத்துவிடலாம். எலித் தொல்லை இருந்தால் மேலே மூடுவது மட்டும் பயன்தராது. குழியின் அடியிலும் பக்கங்களிலும் வலை பதித்து, கூடைபோல் அமைத்து அதற்குள் நட வேண்டும். தொட்டிகளுக்கும் இதே முறை ஏற்றது.

முள் மூடாக்கு: வலை வாங்க இயலாத இடத்தில், காய்ந்த வேலமுள் அல்லது சீமைக்கருவேல முள்ளைப் பாத்தியின் மேல் பரப்பலாம். முளை வரும்வரை இது அணிலைத் தடுக்கும்.

மண்ணை இறுக்குதல்: பொலபொலப்பான புதுமண்ணே அணிலை ஈர்க்கிறது. நட்டதும் மண்ணை அழுத்தி நீர் பாய்ச்சி, உதிர்ந்த கிழங்குத் தோல்களை அகற்ற வேண்டும்.

உரத் தேர்வு: கடலைப் புண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் உரம் ஆகியவற்றின் மணம் விலங்குகளைத் தோண்டத் தூண்டும். நடவின்போது வேப்பம் புண்ணாக்கு பயன்படுத்துவது நல்லது.

மிளகாய்த்தூள்: இதிலுள்ள காரப்பொருள் பாலூட்டிகளை உறுத்தும், பறவைகளை உறுத்தாது. எனவே மயிலைத் தடுக்க இது உதவாது. மழையில் கரைந்துவிடுவதால் மீண்டும் மீண்டும் தூவ வேண்டும்.

எலிக்கான வழிகள்: தஞ்சாவூர் கிட்டி வைத்தல், வரப்பைக் குறுக்கி வளைகளை வெட்டுதல், ஆந்தையும் கூகையும் இரவில் அமர்வதற்குப் பறவைத் தாங்கிகள் நடுதல் ஆகியவை வழக்கில் உள்ளன.

சேமிப்பு: தோண்டிய கிழங்கை நடும்வரை நிழலில் உலர்த்தி, கம்பிக் கூடையில் இட்டுத் தரையில் படாமல் தொங்கவிட வேண்டும்.

விலங்குகள் தவிர்க்கும் கிழங்குகள்

டாஃபடில், விஷமூங்கில், மழை லில்லி முதலியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்துக் கிழங்குகளில் லைகோரின் முதலான நச்சுகள் இருப்பதால் விலங்குகள் பொதுவாக இவற்றைத் தொடுவதில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கோல்ச்சிசின் உள்ளது. இது மனிதருக்கும் உயிர்க்கொல்லி என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் உண்ணும் கிழங்குகளோடு சேர்த்து வைக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

நச்சு இரை வைப்பது தோட்டத்தில் பெரும் ஆபத்து. துத்தநாகப் பாஸ்பைடு கலந்த இரையை எலி மட்டுமன்றி அணில், கோழி, நாய் ஆகியவையும் தின்னக்கூடும். எலிப் பசையில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைச் சிதைக்கும். அதற்கு முறிவு மருந்து இல்லை.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டவிரோதம். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, காட்டுப்பன்றிக்காக நிலத்தில் அமைத்த இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. இருட்டில் அவ்வழியே நடக்கும் மனிதரையும் இந்த வேலி கொல்லும்.

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இயற்றப்பட்டபோது எலியும் சுண்டெலியும் தீங்குயிர்ப் பட்டியலில் வைக்கப்பட்டன. அணில் அதில் இடம்பெறவில்லை. இராமருக்கு உதவிய உயிர் என்ற நம்பிக்கையால் தமிழர் வீடுகளில் அணிலைக் கொல்லும் வழக்கமும் இல்லை. மேலும், முளை மண்ணுக்கு மேல் வந்து கிழங்கு வேர்பிடித்தபின் அணிலால் அதற்குப் பெரிய தீங்கு நேர்வதில்லை. நட்டதிலிருந்து முளைக்கும்வரை உள்ள சில வாரங்களுக்கு வலையோ முள்ளோ போட்டு மூடினால் போதுமானது.