கடலூர் எம்.எல்.ஏ.வின் வேலை

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்பது கடலூர் மாவட்டத்தில் இருக்கின்றன: திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில். இவற்றில் முதலாவதும் கடைசியும் தனித் தொகுதிகள். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர் எனப் பல ஊர்கள் ஒட்டிக்கொண்டு நகரமாகிவிட்ட பகுதியும் அதைச் சுற்றிய கிராமங்களும் சேர்ந்தது 155ஆம் எண்ணுள்ள கடலூர் தொகுதி.

அரசியல் சட்டப்படி இந்த ஒன்பது தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் உள்ள வேலை மூன்று. சட்டம் இயற்ற வேண்டும். அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல் தர வேண்டும். அமைச்சர்களைக் கேள்வி கேட்க வேண்டும். தொகுதி அலுவலகத்துக்குக் காலையில் வந்து நிற்பவர்கள் இந்த மூன்றில் எதையும் கேட்பதில்லை. நின்றுபோன முதியோர் உதவித்தொகை, பெயர் மாறாத பட்டா, ரேஷன் கார்டு, மகளுக்குக் கல்லூரியில் ஓர் இடம், தெருவில் வடியாத மழைநீர் என்றுதான் மனுக்கள் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உத்தரவு போடும் அதிகாரம் சட்டமன்ற உறுப்பினருக்கு இல்லை. தாசில்தாருக்கு, மாநகராட்சி ஆணையருக்கு, மின்வாரியப் பொறியாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதலாம், போன் செய்யலாம். அந்தக் கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் கோப்பை மேசையின் அடியிலிருந்து மேலே கொண்டுவரும் பலம் அதற்கு உண்டு என்பதை எல்லாரும் அறிவார்கள்.

தெருவுக்கும் சட்டமன்றத்துக்கும் இருக்கும் இந்த உறவு கடலூருக்குப் புதிதல்ல. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் முதன்முறையாகத் தேர்தல் நடந்து, 1920 டிசம்பர் 17 அன்று நீதிக் கட்சி அமைச்சரவை பொறுப்பேற்றது. அதற்குத் தலைமை வகித்தவர் கடலூர் அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் அ. சுப்பராயலு ரெட்டியார். கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பதவியை ஏற்க மறுத்து இவரை முன்னிறுத்தினார். மாகாணத்தின் முதல் முதலமைச்சரான ரெட்டியார் பொதுவாழ்வில் வளர்ந்தது தாலுகா போர்டு, ஜில்லா போர்டு வழியாக. அந்தக் காலத்தில் சாலை, தொடக்கப் பள்ளி, மருத்துவமனை, சத்திரம் ஆகியவற்றைக் கவனித்தவை இந்த போர்டுகள்தாம். உடல்நலம் குன்றி 1921 ஜூலையிலேயே அவர் விலகிவிட்டார். அந்த ஆண்டே காலமானார். வரி கட்டுவோருக்கும் சொத்துள்ளோருக்கும் மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. ஆகவே அந்தச் சபையை மக்கள் சபை என்று சொல்வது சற்று மிகை.

1937 தேர்தலில் வென்று சபைக்குப் போன அஞ்சலை அம்மாள் வேறு வகை. முதுநகரில் 1890இல் பிறந்தவர். 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். தீர்த்தாம்பாளையம் என்ற ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க, வீராணம் வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வெட்ட வைத்தார் என்பது அவரைப் பற்றி மாவட்டத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அந்தக் கிளையை ஊரார் அஞ்சலை வாய்க்கால் என்றே அழைக்கிறார்கள். சபையில் அவர் பேசிய பேச்சுகளை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு, வாய்க்கால்தான் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் கடலூர் நகராட்சித் தலைவராக இருந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். 1952 பொதுத்தேர்தலில் அக்கட்சி 19 இடங்களில் வென்றது. 1954இல் அவர் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தபோது கிடைத்த துறை உள்ளாட்சி. நகராட்சி நாற்காலியிலிருந்து கோட்டைக்குப் போனவருக்குப் பொருத்தமான துறைதான்.

இன்றைய எம்.எல்.ஏ.வின் நிலை இவர்களைவிடச் சிக்கலானது. அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்களுக்குப் பிறகு குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வடிகால் ஆகியவை உள்ளாட்சிகளின் பொறுப்பு. 1866இல் நகராட்சியான கடலூர், 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 45 வார்டுகளுக்கும் 2022இல் தேர்தல் நடந்து, முதல் மேயராக சுந்தரி ராஜா பொறுப்பேற்றார். ஆக, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்து சாலை பெயர்ந்து கிடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வார்டு கவுன்சிலர். அதே சந்து போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் நடந்தால் தண்டவாளம் வந்துவிடும். அது ஒன்றிய அரசின் ரயில்வே. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் கடைவீதியும் நெருங்கிக் கிடக்கும் இந்த ஊரில் லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட் பல ஆண்டுகள் பெரிய தலைவலியாக இருந்தது. சுரங்கப்பாதை வேண்டும் என்ற கோரிக்கை எளிமையானது. ஆனால் தண்டவாளத்துக்கு அடியில் ரயில்வே கட்ட வேண்டும், இரு பக்கமும் மாநில அரசு அணுகுசாலை போட வேண்டும், நடுவில் போகும் குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் உள்ளாட்சி மாற்றித் தர வேண்டும். இப்படிப்பட்ட வேலையில் எம்.எல்.ஏ.வின் பங்கு, மூன்று அலுவலகங்களின் கோப்புகளையும் ஒரே நேரத்தில் நகர வைப்பது. அதைச் சரியாகச் செய்தவருக்குப் பெயர் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வேலை முடியும்போது வேறொருவர் பதவியில் இருப்பார்.

எம்.எல்.ஏ. நேரடியாகக் கைகாட்டிச் செலவிடச் சொல்லக்கூடிய பணம் ஒன்று உண்டு. மக்கள் எம்.எல்.ஏ. நிதி என்று சொல்லும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1997-98 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகுதிக்கு ஆண்டுக்கு ஒதுக்கீடு படிப்படியாக உயர்ந்து 2019-20இல் 3 கோடி ரூபாய் ஆனது. இந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. பணியை அவர் பரிந்துரைப்பார். பொறியாளர் மதிப்பீடு போடுவார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். ஊராட்சி ஒன்றியமோ மாநகராட்சியோ டெண்டர் விட்டு வேலையை முடிக்கும். ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை அரசு வகுத்த வகைப் பணிகளுக்கே செலவிட வேண்டும். வழிபாட்டுத் தலத்துக்கோ தனியார் இடத்திலோ செலவிட முடியாது. பேருந்து நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, மேல்நிலைக் குடிநீர்த் தொட்டி, சிமென்ட் சாலை, அங்கன்வாடிக் கட்டடம், பள்ளிச் சுற்றுச்சுவர் என ஊரில் உறுப்பினரின் பெயர் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இந்த நிதியில் வந்தவை. ஐந்தாண்டு முழுவதும் சேர்த்தால் ஒரு தொகுதிக்கு 15 கோடி. ஒரு மாநகரத்துக்கும் பல கிராமங்களுக்கும் சேர்த்து அது சிறிய தொகை. ஒரு பெரிய பாலத்துக்கே போதாது. நிழற்குடைகள் பெருகியதற்கு ஒரு காரணம், இந்தத் தொகையில் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய முடிந்தவற்றில் அதுவும் ஒன்று என்பதே.

பெரிய பணம் வேறிடத்தில் இருக்கிறது: துறைகளின் பட்ஜெட்டில். அங்கேதான் சட்டமன்றத்துக்குள் செய்யும் வேலை முக்கியமாகிறது. பட்ஜெட் தாக்கலான பிறகு ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் தனித்தனியாக விவாதத்துக்கு வரும். தன் தொகுதிக்கு வேண்டியதை உறுப்பினர் அப்போது பதிவு செய்ய வேண்டும். விவாதத்தின் முடிவில் அமைச்சர் வெளியிடும் அறிவிப்புகளில் அது இடம்பெற்றால் பாதிக் கிணறு தாண்டியது போல. கேள்வி நேரம் இன்னொரு வழி. இன்ன ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா என்பது தமிழ்நாட்டுச் சட்டமன்ற வினாவின் நிரந்தர வடிவம். நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்பது அதற்கு நிரந்தர விடை. தேர்ந்த உறுப்பினர் அந்த விடையோடு உட்கார மாட்டார். துணை வினாவில் இடம் தயாராக இருக்கிறதா, மதிப்பீடு எவ்வளவு, எந்த ஆண்டுப் பட்டியலில் என்று இறுக்குவார். அமைச்சர் வாய்விட்டுச் சொன்ன வாக்குறுதியை அரசு உறுதிமொழிக் குழு பின்தொடர்கிறது. 2021இல் பண்ருட்டியிலிருந்து தேர்வான தி. வேல்முருகன் அந்தக் குழுவின் தலைவராக இருந்தார். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு ஆகியவையும் மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்வதுண்டு. வழக்கமான ஒரு நாள் செய்தியாக அவை கடந்துபோகின்றன. அதிகாரிகள் மட்டும் அவற்றுக்கு இரவெல்லாம் விழித்திருந்து கணக்கு தயாரிக்கிறார்கள்.

சபையின் குரல் நேரடியாக எட்டிய ஓர் உதாரணம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி, தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி ஆகிய மூன்றும் இருந்தன. ஏப்ரல் 5 அன்று சட்டமன்றத்தில் இதற்காகக் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்தது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் எதிர்த்தனர். அனுமதிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் பதிலளித்தார். அரசின் கையில் வலுவான சட்டம் ஒன்றும் இருந்தது. இதே சபை 2020இல் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரிப் படுகையின் கடைமடையான காட்டுமன்னார்கோயில், குமராட்சி உள்ளிட்ட கடலூர் மாவட்ட வட்டாரங்களையும் உள்ளடக்கியது. ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். இதற்கு உரிமை கோரியவர்கள் பலர். தெருவில் போராடிய விவசாயிகளின் பங்கும் சிறிதல்ல.

அதே ஆண்டு ஜூலையில் நிலைமை வேறாக இருந்தது. நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கின. மாவட்டமே கொதித்தது. சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. ஒன்றிய அரசின் நிறுவனம். ஆனால் அதற்கு நிலம் எடுத்துத் தருவது மாநில வருவாய்த் துறை, தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்பு பற்றிய 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தைக் கொண்டு. இழப்பீடும் வேலையும் பற்றி எம்.எல்.ஏ.க்கள் பேசினார்கள். அந்தச் சட்டத்தின் பிரிவுகள் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

சட்டம் இயற்றும் வேலை ஓர் ஊரை எப்படி மாற்றும் என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013இல் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அதை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மட்டும் தனியார் கல்லூரி அளவுக் கட்டணம் தொடர்ந்தது. மாணவர்கள் 2020-21 குளிர்காலத்தில் பல வாரங்கள் போராடிய பிறகு, கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியானது. மாவட்டத் தலைநகரில் இருக்க வேண்டிய கல்லூரி நாற்பது கிலோமீட்டருக்கும் தள்ளி அமைந்ததில் கடலூர் நகரத்தாருக்கு மனக்குறை உண்டு.

பேரிடர்க் காலத்தில் எம்.எல்.ஏ.வின் வேலை மறுபடி தெருவுக்கு இறங்கிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் முதலான மீனவக் கிராமங்கள் அழிந்தன. 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணையின் பெருவெள்ளம் என்று பட்டியல் நீள்கிறது. நிவாரணக் கணக்கெடுப்பு வி.ஏ.ஓ.விடம் தொடங்கி ஆட்சியர் வரை போகும் வருவாய்த் துறையின் வேலை. விடுபட்ட வீட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொல்வதும், குத்தகை விவசாயிக்கும் இழப்பீடு உண்டா என்று சபையில் கேட்பதும் உறுப்பினரின் வேலை. பலா மரம் மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஓராண்டுப் பயிருக்கான இழப்பீட்டு விதியை மரப் பயிருக்கும் பொருத்துவது நியாயமாகாது. இப்படிப்பட்ட நுணுக்கத்தைத் தொகுதியை அறிந்தவர்தான் எடுத்துச் சொல்ல முடியும்.

இவ்வளவும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் எப்படி வருகிறது? நியாயவிலைக் கடை திறப்பு விழா நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் தலைமை தாங்கினார், மேயர் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார், இன்னார் நன்றி கூறினார். பூமி பூஜை, விலையில்லா மிதிவண்டி, மருத்துவ முகாம் எல்லாவற்றுக்கும் இதே சட்டகம். எந்தத் திட்டத்தில், எவ்வளவு தொகையில், எப்போது முடியும் என்ற மூன்றும் அதில் ஒரு வரியாக இருந்தால் வாசகர் அதிர்ஷ்டசாலி. அடிக்கல் நாட்டியதற்குப் படம் உண்டு. டெண்டருக்கு ஆள் வராமல் இரண்டாம் முறை அழைத்ததற்குப் படம் கிடையாது. எம்.புதூரில் புதிய பேருந்து நிலையம் அமைக்கும் முடிவு போன்றவற்றில் மட்டும் நிலை மாறும். ஊரின் நடுவிலிருந்து அது விலகிப் போகிறதே என்று பொதுநல அமைப்புகள் எதிர்த்ததால் இடத் தேர்வு, தூரம், செலவு எல்லாம் செய்தியாயின. சண்டை வந்தால்தான் விவரம் வெளியே வருகிறது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாள் தீராத பத்து முக்கியக் கோரிக்கைகளை 15 நாளில் ஆட்சியரிடம் தரும்படி அதில் கேட்டிருந்தார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லை. உங்கள் தொகுதியில் முதலமைச்சர் என்ற திட்டத்தின் பகுதி இது. உறுப்பினரின் சொந்த நிதிக்கு அடங்காத பாலம், கல்லூரி, தடுப்பணை, வடிகால் ஆகியவற்றை வரிசைப்படுத்த இது ஒரு வாய்ப்பு. ஒன்பது தொகுதிகளின் பட்டியல்களையும் அருகருகே வைத்தால் மாவட்டத்தின் பொதுத் தேவைகள் தெரியும். பத்தே இடங்கள் என்பதால் எது பதினொன்றாவதாக வெளியே நின்றது என்பதும் ஒரு தகவல்.

சபைக்குள் நடப்பதைப் பார்க்க இப்போது சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2022 ஜனவரி 6 முதல் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பாகிறது. நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிலும் சட்டமன்ற இணையதளத்திலும் இருக்கின்றன. அவற்றில் கடலூர், சிதம்பரம், திருப்பாதிரிப்புலியூர் என்று தேடினால் எந்த உறுப்பினர் எந்த நாளில் எதைக் கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பதெல்லாம் கிடைக்கும்.