ராம் மாற்றியபின் இருளும் திரை

மடிக்கணினியின் பழைய ராமை எடுத்துவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்தியதும், விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை மட்டும் இருண்டே கிடக்கிறதென்றும், சற்று நேரம் பார்த்துவிட்டு அணைத்து அணைத்துப் போட்டும் பயனில்லையென்றும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி உடனுக்குடன் அணைப்பதே காரியத்தைக் கெடுக்கக்கூடும்; அந்த இருட்டில் கணினி மிகச் சூக்ஷ்மமான ஒரு பயிற்சியை நடத்திக்கொண்டிருக்கலாம்.

டிடிஆர்4 ராம் 3200 என்ற வேகத்தில் ஓடும்போது, ஒரு கம்பியில் ஒரு பிட் தங்கும் காலம் ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் ஒளியே 9 சென்டிமீட்டர் அளவுதான் செல்லும். இந்நிலையில், தரவு ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் கம்பிகளில் நேரே வர, கடிகாரத் துடிப்போ சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு செல்கிறது. கல்யாணப் பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் தனித்தனி ஆள் சோறு கொண்டுவர, சாம்பார் வாளியை மட்டும் ஒருவரே முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை சுமந்து நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இலைகளிலும் சோறும் சாம்பாரும் ஒரே க்ஷணத்தில் விழவேண்டுமானால், கடைசி இலைக்குச் சோறு கொண்டுவருபவர் தாமதித்தே புறப்பட வேண்டும். எவ்வளவு தாமதம் என்பதை இலைமுன் அமர்ந்தவரே சொல்கிறார் என்பதுதான் என்னை வியப்பிலாழ்த்தும் விஷயம்: சோற்றுக்காரர் ஒவ்வொரு முறையும் அணுவளவு பிந்தி வர, அமர்ந்தவர் 'வாளி வரவில்லை, வரவில்லை' என்று சொல்லிக்கொண்டேயிருந்து, 'வந்துவிட்டது' என்று மாற்றிச் சொல்லும் அந்த இடமே சரியான தாமதம். சில்லும் அவ்விதமே பூஜ்யம், பூஜ்யம் என்று விடையளித்து வந்து, திடீரென ஒன்று என்கிறது. பந்தி முடிந்து இலையெடுக்கும்போதும், அதாவது தரவைத் திரும்பப் படிக்கும்போதும், இதேபோல் இன்னொரு கணக்கு உண்டு. ராம் இன்னும் பயன்படாத நிலையில், இவ்வளவையும் செய்யும் நிரல் செயலிக்குள்ளிருக்கும் சிறு கேஷ் நினைவகத்தையே தற்காலிக இடமாகக் கொள்கிறது.

கண்டறிந்த தாமதங்களைக் கணினி சேமித்துக்கொள்வதால், மறுநாள் விரைவில் விழித்துவிடுகிறது. புதிய ராம் அட்டையைக் கண்டாலோ பயிற்சி முதலிலிருந்து தொடங்குகிறது. டிடிஆர்5 வகையில், அதிலும் கொள்ளளவு பெரிதானால், இது சில நிமிஷங்கள்கூட நீடிக்கும்.

 

'பொருத்தினால் வேகம் இரட்டிப்பு' என்னும் விளம்பரத்தை நான் நம்புவதில்லை. 2666 வரையே தாங்கும் கணினியில் 3200 அட்டையைச் செருகினாலும் ஓட்டம் 2666 தான். முன்பே நினைவகம் போதுமானதாயிருந்தால், கூடுதல் ஜிபி வெறுமனே கிடக்கும்.

இனி இருண்ட திரைக்கு வருவோம்: அது பயிற்சியாலும் இருக்கலாம்; ஆகவே, முதல் தடவை பத்து நிமிஷமாவது பொறுத்திருங்கள். அப்போதும் இருள் நீங்காவிடில், சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அட்டையைச் சாய்வாக முழுதும் செருகி, இருபக்கக் கொக்கிகளும் 'டிக்'கென்று பிடிக்கும்வரை அழுத்துங்கள்; பாதி செருகிய அட்டையே பெரும்பாலான சங்கடங்களுக்குக் காரணம். பழைய டிடிஆர்3 கணினியானால் மின்னழுத்தத்தையும் பாருங்கள்: 1.5 வோல்ட் அட்டையும் 1.35 வோல்ட் அட்டையும் ஒரே பள்ளத்தில் பொருந்துமாயினும், இன்டெல்லின் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் பிந்தியதையே கேட்கும். பின்னர் ஒவ்வோர் அட்டையையும் தனியே, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பாருங்கள். பழைய அட்டை எல்லா ஸ்லாட்டிலும் வேலை செய்து, புதியது ஒன்றிலும் செய்யாவிட்டால், ரசீதோடு கடைக்குச் சென்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.