ஓடுமுன் ஒரு குதி

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் விரைவோட்டப் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர் அறியவேண்டிய எளிய சோதனை இது. உடலைச் சூடேற்றியபின் சுவரோரம் நின்று, கை எட்டும் இடத்தையும், எம்பிக் குதித்துத் தொடும் இடத்தையும் சாக்பீஸால் குறிக்கவேண்டும். இடைவெளியே குதி உயரம். அமெரிக்க மருத்துவர் டட்லி சார்ஜென்ட் 1921-இல் இம்முறையை விளக்கி எழுதினார்.

விரைவோட்டமும் குதியும் கால் தசைகளின் விசையையே நம்பியவை. மூன்று முயற்சிகளுள் சிறந்ததைக் குறித்துவந்தால் வழக்கமான அளவு புலப்படும். அது தொடர்ந்து குறைந்தால், தசைகளின் களைப்பு தீரவில்லை எனக் கருதலாம். அந்நாளில் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல், பயிற்சியாளரிடம் கூறி முழுவேக ஓட்டத்தைத் தவிர்த்தல் நலம். களைத்த தசை எளிதில் காயமுறும்.

வலியோ வீக்கமோ இருப்பின் குதிக்கலாகாது. காயத்திலிருந்து மீள்வோர் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே இதனைச் செய்யவேண்டும்.