உங்களுக்குத் தெரியுமா? – அணைய மறுக்கும் கம்ப்யூட்டர்

● ‘ஷட் டவுன்’ கொடுத்த பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் நீலத் திரையில் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்று வருகிறதா? ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று பதற வேண்டாம். அணைவதற்கு முன் விண்டோஸ் ஒவ்வொரு சாதனத்தின் டிரைவருக்கும் ‘மின்சாரத்தை விடு’ என்று உத்தரவு அனுப்பும். அதில் ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை. எல்லாரும் கிளம்பிய கல்யாண மண்டபத்தில் ஓர் அறை மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் மேனேஜர் எப்படிப் பூட்டுவார்? கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

● இன்றைய ‘ஷட் டவுன்’ முழு ஷட் டவுன் அல்ல! 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. விண்டோஸின் உள்மையத்தையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால் நேற்றைய கோளாறு இன்றும் தொடரலாம். ‘ரீஸ்டார்ட்’தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுத்துப் பாருங்கள், முழுமையாக அணையும். பிழை அப்போது வரவில்லையென்றால், கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய் அந்த வசதியையே எடுத்துவிடலாம். காலையில் சில விநாடி தாமதமாகும், அவ்வளவுதான்.

● குற்றவாளியின் பெயர் பல நேரம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்றொரு ஃபோல்டர். அதிலுள்ள கோப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘விண்டிபக்’கில் திறந்தால் ஒரு டிரைவர் கோப்பின் பெயர் தெரியும். ‘என்.வி.’ என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ், ‘ஆர்.டி.’ என்றால் பெரும்பாலும் ரியல்டெக் நெட்வொர்க் அல்லது சவுண்ட். ‘என்.டி.ஓ.எஸ். கெர்னல்’ என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அது விண்டோஸின் உள்மையம். பழி அதன்மேல் விழும், தப்பு செய்தது வேறாக இருக்கும்.

● இதெல்லாம் பெரிய வேலையென்றால் எளிய வழி: கீபோர்டு, மவுஸ் தவிர யு.எஸ்.பி.யில் செருகியதையெல்லாம் பிடுங்கிவிட்டு அணைத்துப் பாருங்கள். ஒழுங்காக அணைந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிச் சோதியுங்கள். வைஃபை டாங்கிளை முதலில் சந்தேகப்படலாம்.

● அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியதா? டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை இருமுறை க்ளிக் செய்து, ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த வசதி இது. பட்டன் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே க்ளிக்கில் புதுப்பிக்கிறேன்’ என்று வரும் மென்பொருள்களை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

● விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ‘ஈவன்ட் வியூவ’ரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. ‘சென்ற முறை ஒழுங்காக அணையவில்லை’ என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. கரண்ட் போனாலும் அதே 41தான்.

● விண்டோஸ் 95-ல் ‘இப்போது கம்ப்யூட்டரை அணைக்கலாம்’ என்று திரையில் வந்த பிறகு, பல கம்ப்யூட்டர்களில் நாமே எழுந்துபோய் சுவிட்சை அணைக்க வேண்டியிருந்தது. அந்த அறிவிப்பு வெறும் படம். கோப்பின் பெயர் சிஸ்டம் கோப்பு மாதிரி இருந்தாலும் ‘பெயின்ட்’டில் திறந்து மாற்றி எழுத முடிந்தது. பின்னர் 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் அணையாமல் தொங்கும் புகாருக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது.

● பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அணைந்துவிடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஓடும்போது வேண்டவே வேண்டாம். அழுத்துவதற்கு முன் அந்த நீலத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சர்வீஸுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.